99-இல் ஒரு ஒன்பது குறைகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூன்று வாரத்துக்கு முன் சிறுவர் பகுதியில் ஒரு எண்ணிக்கைப் புதிர் போட்டிருந்தீர்கள். 1 முதல் 100 வரை எண்களை வரிசையாக எழுதினால் 9 என்ற இலக்கத்தை எத்தனை முறை எழுதியிருப்பாய் என்பது கேள்வி. போன வாரம் விடை வந்தது: 19. அவ்வளவுதான். எப்படி வந்தது என்று ஒரு சொல் கிடையாது.

விடை தப்பு. 20 என்று இருக்க வேண்டும்.

இதைச் சொல்ல ஒரு வரி போதும். ஆனால் உங்கள் 19-ஐ நம்பி நான் இரண்டு காரியம் செய்துவிட்டேன். எட்டு வயதுப் பெண் குழந்தை ஒருத்தியின் நோட்டில் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். அப்புறம், கோயில் வேலைக்குச் சாமான் வாங்கப் போய்ப் பத்து எண்ணம் குறைவாக வாங்கிக்கொண்டு வந்தேன். பழியை முழுக்க உங்கள் மேல் போட முடியாது. உங்கள் விடை வருவதற்கு முன்பே நானும் 19 என்றுதான் எண்ணி வைத்திருந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் எண்ணுவதையே தொழிலாகச் செய்தவன் எப்படித் தப்புச் செய்தான் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் யாங்கோனில் பிறந்து யாங்கோனிலேயே கிழவனானவன். 1964-இல் கடைகளை எல்லாம் அரசு எடுத்துக்கொண்டபோது எனக்கு ஆறு வயது. எங்கள் தெருவில் பாதி வீடுகள் மெட்ராஸ் கப்பல் ஏறின. அப்பா ஏறவில்லை. அவருக்கு ஆற்றங்கரை அரிசிக் கிடங்கில் மூட்டை எண்ணும் வேலை. அவருக்குப் பின்னால் அதே வேலைக்கு நான் போனேன்.

மூட்டை எண்ணுவது என்றால் வாயால் எண்ணுவது என்று நினைப்பீர்கள். வாயை நம்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். படகிலிருந்து மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பலகை மேல் வருகிற ஒவ்வொரு ஆளின் கையிலும் ஒரு மூங்கில் குச்சியைக் கொடுப்போம். கிடங்கு வாசலில் உட்கார்ந்திருக்கிறவனிடம் அதைக் கொடுத்துவிட்டு அவன் உள்ளே போவான். வாசல்காரன் குச்சிகளைப் பத்துப் பத்தாக அடுக்கிக்கொண்டே இருப்பான். மழை கொட்டும், யாராவது வந்து பேச்சுக் கொடுப்பார்கள், சண்டை வரும், எது நடந்தாலும் கணக்கு கலையாது. ஒரு மூட்டைக்கு ஒரு குச்சி. மூட்டை கனத்ததா, கிழிந்ததா, உள்ளே என்ன அரிசி என்பதெல்லாம் குச்சிக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

சின்ன லோடு என்றால் மட்டும் வாயெண்ணிக்கை. அப்பா காலத்து ஆட்கள் நெல் அளக்கிற வழக்கப்படி முதல் மூட்டைக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். கூட வேலை செய்த பர்மாக்காரப் பையன் ஒருவன் தமிழில் ஒன்றுக்கு லாபம் என்றுதான் பேர் என்று நினைத்துக்கொண்டு, நம் ஆள் டீக்கடையில் போய் "லாபம் டீ" கேட்டான். கடைக்காரருக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம்.

சரி, புதிருக்கு வருகிறேன்.

எங்கள் பேட்டைக் கோயில் மண்டபத்தில் ஞாயிறு காலை தமிழ் வகுப்பு நடக்கிறது. எழுத்தும் பாட்டும் சொல்லிக்கொடுக்க இரண்டு அம்மாக்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் களைத்துப்போகிற கடைசி அரை மணி நேரத்தை என்னிடம் விடுவார்கள். உங்கள் சிறுவர் பகுதிதான் என் பாடப்புத்தகம். மொத்தம் பதினொரு பிள்ளைகள். எல்லாருக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு பேர், கோயிலில் ஒரு பேர். என்னையும் ஒரு சமயம் தாத்தா என்பார்கள், ஒரு சமயம் சயா, பர்மிய மொழியில் வாத்தியார், என்பார்கள். சுண்டல் வருகிற நேரம் பார்த்துத் தாத்தாதான்.

ஒன்பது புதிரைக் கொடுத்தபோது ஐந்து பேர் 10 என்றார்கள். மூன்று பேர் 11. இரண்டு பேர் 19. ஒருத்தி மட்டும் 20. மறு வாரம் பத்திரிகையில் விடை வந்ததும் நான் நோட்டுகளை வாங்கி வரிசையாகத் திருத்தினேன். 19-க்கு இரண்டு டிக். மற்ற ஒன்பது பேருக்கும் பெருக்கல் குறி. 20 எழுதிய பெண் ஒன்றும் பேசவில்லை. நோட்டை வாங்கிக்கொண்டு போய் ரப்பரால் அழித்து, அதே இடத்தில் 19 என்று எழுதினாள். பழைய சைபர் சரியாக அழியாமல் புது 9-க்குப் பின்னால் நிழல் மாதிரி நின்றது. என் சிவப்புக் குறி மை, அது அழியவில்லை. அவள் ஏன் 20 எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. பத்திரிகையே சொல்லிவிட்டது, அப்புறம் என்ன கேள்வி.

அந்த வாரமே கோயிலில் செருப்பு டோக்கன் வேலை வந்தது. செருப்பு வைக்கும் ஸ்டாண்டில் 1 முதல் 100 வரை பெயிண்டில் நம்பர் இருக்கிறது. கையில் கொடுக்கிற டோக்கன்தான் வருஷா வருஷம் தொலைந்துகொண்டே இருக்கும். தெரிந்த தச்சர் ஒருவர் கழிவுத் தேக்கில் நூறு வட்டத் துண்டு அறுத்துக் கொடுத்தார். அதன் மேல் ஒட்ட பிளாஸ்டிக் எண்கள் வேண்டும். தெய்ஞ்ஜி மார்க்கெட்டில், பெரியவர்கள் இன்னமும் சூரத்தி பஜார் என்பார்களே, அங்கே அவை தனித்தனி எண்ணாக விற்கும். எத்தனை 9 வாங்குவது? அதுதான் தெரியுமே, 19. ஒன்பதுக்கு எத்தனையோ மற்ற எண்களுக்கும் அத்தனைதானே என்று 1 முதல் 9 வரை ஒவ்வொன்றிலும் 19 வாங்கினேன். சைபரை மட்டும் தனியாக எண்ணினேன்: 10, 20 என்று 90 வரை ஒன்பது, 100-க்கு இரண்டு, ஆக 11. மொத்தம் 182 எண்கள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வந்தேன்.

பௌர்ணமி விடுமுறையன்று பிள்ளைகளை வைத்து ஒட்ட ஆரம்பித்தோம். கரண்ட் இல்லை. மண்டபத்து வாசல் வெளிச்சத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஒருவன் பசை தடவுவான், ஒருத்தி எண்ணைத் தேடி எடுப்பாள், ஒருத்தி நேராக இருக்கிறதா என்று பார்த்து அழுத்துவாள். 1-இல் தொடங்கி வரிசையாகப் போனோம். 50 தாண்டியது, 80 தாண்டியது, ஒரு குறையும் இல்லை. 90-உம் ஒட்டியாயிற்று.

91-க்கு 9 இருந்தது, 1 இல்லை. கீழே விழுந்திருக்கும் என்று பாயை உதறினோம். சரி, அடுத்ததைப் பார்ப்போம் என்று 92-ஐ எடுத்தால் 9 இருக்கிறது, 2 இல்லை. 93-க்கு 3 இல்லை. 94-க்கு 4 இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எனக்குக் கோபம் ஏறியது. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. 98 வரைக்கும் அதே கதை. 99-க்கு ஒரு 9 ஒட்டினோம், பெட்டியில் இன்னொரு 9 இல்லை. 100-க்கு இரண்டு சைபரும் தயாராக இருந்தன, முன்னால் வைக்க 1 கிடையாது.

"ஆறைத் திருப்பி ஒட்டலாமே தாத்தா" என்றான் ஒரு பையன். ஆறும்தான் தீர்ந்துவிட்டதே!

அப்போதுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். "நான் இருபதுன்னுதானே எழுதினேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பசை ஒட்டிய விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

ஒட்டின டோக்கன்களைப் பத்துப் பத்தாக அடுக்கிப் பார்க்கலாம் என்றேன். 1 முதல் 10 வரை ஒரு வரிசை என்று நான் அடுக்கத் தொடங்கினேன். அவள் கலைத்துவிட்டாள். 100-ஐக் கொண்டுபோய் முதல் இடத்தில் வைத்து, அதன் பக்கத்தில் 1 முதல் 9 வரை வைத்தாள். அடுத்த வரிசை 10 முதல் 19. அப்படியே போய்க் கடைசி வரிசை 90 முதல் 99. பாய் மேல் பத்துக்குப் பத்து, சதுரமாக, தேக்கு நிறத்தில், பார்க்க அழகாக இருந்தது. ஒன்பதில் முடிகிற டோக்கன் பத்தும் வலது ஓரத்தில் மேலிருந்து கீழே நின்றன. தொண்ணூறுகள் பத்தும் கடைசி வரிசையில் இடமிருந்து வலமாகப் படுத்திருந்தன. இரண்டும் சேர்கிற மூலையில் 99, ஒரே ஒரு 9-ஐ ஒட்டிக்கொண்டு இன்னொன்றுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தது.

என் தப்பு எனக்கு அங்கே தெரிந்தது. நான் டோக்கனை எண்ணியிருக்கிறேன், அதன் மேல் இருக்கிற ஒன்பதை எண்ணவில்லை. ஓரத்தில் பத்து, வரிசையில் பத்து, மூலையில் இருக்கிறதை இரண்டு தடவை எண்ணக் கூடாது, ஆக 19. ஒரு மூட்டைக்கு ஒரு குச்சி! முப்பது வருஷப் பழக்கம் எங்கே போகும்? ஆனால் 99 என்பது மூட்டை இல்லையே. அதை எழுதும்போது பேனா இரண்டு தடவை ஒன்பது போடுகிறது. உங்கள் கேள்வியில் எத்தனை எண்களில் 9 இருக்கிறது என்று இருந்திருந்தால் 19 சரி. எத்தனை முறை எழுதியிருப்பாய் என்றுதானே கேட்டிருந்தீர்கள்.

அதற்கப்புறம் நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு, எப்படி எண்ணினாய், செய்து காட்டு என்றேன்.

11 எழுதிய மூன்று பேரும் ஒரே மாதிரி: 9, 19, 29 என்று தாவித் தாவி 89 வரை ஒன்பது, 99-இல் இரண்டு, முடிந்தது. 90 முதல் 98 வரை அவர்கள் கண்ணிலேயே படவில்லை. பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் இந்த விடையைத்தான் சொல்வார்கள்.

10 எழுதியவர்கள்தான் என்னை யோசிக்க வைத்தார்கள். அதில் ஒரு பையன் கண்ணை மூடிக்கொண்டு தமிழில் ஒன்று, இரண்டு என்று சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தான். வலது கைக் கட்டைவிரல் சுண்டுவிரலின் முதல் கணுவில் தயாராக இருந்தது. நம் வீட்டுப் பெண்கள் எண்ணுவார்களே, விரலுக்கு மூன்று கணுவாக ஒரு கைக்குப் பன்னிரண்டு, அந்த முறை. வாயில் ஒன்பது வந்ததும் கட்டைவிரல் ஒரு கணு நகரும். பத்தொன்பது, நகர்ந்தது. இருபத்தொன்பது, நகர்ந்தது. எண்பத்தொன்பது வந்தபோது ஒன்பது கணு ஆகியிருந்தது. அடுத்து தொண்ணூறு. விரல் அசையவில்லை. தொண்ணூற்று ஒன்று, தொண்ணூற்று இரண்டு, விரல் அப்படியே இருக்கிறது. ஏன் அசையும்? அவன் காதில்தான் ஒன்பதே விழவில்லையே! தொண்ணூற்றொன்பது என்றதும் ஒரு கணு. மொத்தம் பத்து. அவன் எண்ணியதில் ஒரு பிசகும் இல்லை. தமிழில் 1 முதல் 100 வரை சொன்னால் ஒன்பது என்ற சொல் பத்து தடவைதான் காதில் விழும். நீங்களே சொல்லிப் பாருங்கள்.

20 எழுதிய பெண்ணோ பர்மிய மொழியில் எண்ணியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு அந்த மொழியில்தானே. அதில் ஒன்பதுக்குக் கோ. தொண்ணூறுக்குக் கோஸே, அதாவது ஒன்பது பத்து. 99 என்றால் கோஸே கோ. கோ என்ற சத்தம் வரும்போதெல்லாம் நோட்டின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்திருக்கிறாள். 89 வரை ஒன்பது புள்ளி. 90 முதல் 98 வரை இன்னொரு ஒன்பது. கடைசியில் கோஸே கோவுக்கு இரண்டு. 20. அந்தப் புள்ளிகள் அவள் நோட்டில் இருந்தன. என் பெருக்கல் குறி அவற்றின் மேலேயே ஓடியிருந்தது.

ஒரே குழந்தைகள், ஒரே கேள்வி, மொழி மாறினால் விடை மாறுகிறது! இத்தனை வயதில் எனக்கு இது புதுசு. நமக்கு இருபது, முப்பது, நாற்பது என்று எண்பது வரைக்கும் ஒழுங்காகப் போகிற வண்டி தொண்ணூறில் வந்து தடம் மாறிவிடுகிறது. தமிழ் சொல்லிக்கொடுக்கிற அம்மாவிடம் கேட்டேன். பழந்தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்று ஒரு பேர் இருந்தது என்றார். ஒன்பதும் பத்தும் சேர்ந்தால் தொண்ணூறு, ஒன்பதும் நூறும் சேர்ந்தால் தொள்ளாயிரம் என்று தொல்காப்பியத்திலேயே விதி இருக்கிறதாம். அதாவது இந்தத் தடுமாற்றம் நம் பிள்ளைகளுக்கு நேற்று வந்தது இல்லை. தொண்ணூறுக்குள் ஏன் நூறு இருக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ஏன் ஆயிரம் இருக்கிறது என்று அந்தக் கண் மூடி எண்ணின பையன் கேட்டான். அதற்கு அந்த அம்மா அடுத்த வாரம் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். நானும் காத்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் காட்டினேன். இது நான் கண்டுபிடித்தது இல்லை, எங்கள் தெருவில் டூ-டி சீட்டு எழுதுகிற ஆளைப் பார்த்துத் தோன்றியது. கோயில் விஷயத்தில் சூதாட்டத்தை இழுக்கிறேன் என்று கோபிக்க வேண்டாம், அது இல்லாத தெரு எது என்று உங்களுக்கும் தெரியும். டூ-டியில் எல்லா நம்பருக்கும் இரண்டு இலக்கம், 00 முதல் 99 வரை. நம் 1 முதல் 9 வரைக்கும் அதே மாதிரி முன்னால் ஒரு சைபர் போட்டுக்கொள்ளுங்கள். 100-ஐ 00 ஆக்கிவிடுங்கள். ஒன்பது எண்ணுவதற்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. இப்போது நூறு நம்பர், நம்பருக்கு இரண்டு இலக்கம், மொத்தம் 200 இலக்கம். பத்து இலக்கங்களும் அதில் சரிசமமாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன, யாருக்கும் கூடக் குறைய இல்லை. 200-ஐப் பத்தால் வகுத்தால் 20. எட்டு வயதுக்கு வகுத்தல் கொஞ்சம் கனம்தான், ஆனால் சரிசமப் பங்கு என்றதும் சுண்டல் ஞாபகத்தில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அந்தச் சீட்டு எழுதுகிறவரிடம் ஒன்பது உள்ள நம்பர் எல்லாம் வேண்டும் என்று கேட்டால் 19 நம்பருக்குக் காசு வாங்குவார். அவருக்கு 19 சரி. பிளாஸ்டிக் எண் வாங்குகிறவனுக்கு 20 சரி.

மறுநாள் நான் தெய்ஞ்ஜி மார்க்கெட்டுக்குத் திரும்பப் போனேன். 1-இல் இரண்டு, 2 முதல் 9 வரை ஒவ்வொன்றில் ஒன்று, ஆகப் பத்து எண் கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மனதுக்குள் அவர் மேல் பட்ட கோபத்துக்கு மனதுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். 182-உம் 10-உம் சேர்த்து 192. வீட்டுக்கு வருகிற வழியில் பஸ்ஸில் ஞாபகம் வந்தது: ஒரு மூட்டை அரிசிக்கு 24 பியீ (இந்த ஊர் அளவு), ஒரு பியீக்கு எட்டுப் பால் டின், பெருக்கினால் அதே 192! ஒன்றுக்கொன்று சம்பந்தம் கிடையாது. ஆனாலும் மூட்டைக்காரனுக்கு ஒரு சந்தோஷம் வேண்டாமா?

இந்த ஊரில் ஒன்பதைப் பற்றி எழுதிவிட்டு அந்தப் பண நோட்டுகளைச் சொல்லாமல் விட முடியாது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று ஒரே நாளில் அறிவித்தார்கள். அப்புறம் 45, 90 என்று புது நோட்டு வந்தது. நாலும் அஞ்சும் ஒன்பது, ஒன்பதும் சைபரும் ஒன்பது. சுருட்டி வைத்திருந்த என் இரண்டு மாதக் கூலி காகிதமாகப் போனது. ஆனால் 45-உம் 90-உம் வைத்துச் சில்லறை கொடுத்துப் பழகினவர்களுக்கு மனக்கணக்கு வேறு மாதிரி வந்தது. முப்பது கியாட் சாமானுக்கு 90 நீட்டினால் மிச்சத்துக்கு ஒரு 45-உம் ஒரு 15-உம். என் மனைவி இன்றைக்கும் 45-ஆம் வாய்பாட்டைத் தூக்கத்தில் சொல்வாள். அந்தப் பெண் குழந்தைக்கு இதைச் சொன்னபோது 45 கியாட் நோட்டு என்று ஒன்று இருந்ததையே நம்பவில்லை. ட்ரங்குப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டிய பிறகுதான் நம்பினாள்.

இப்போது என் விண்ணப்பம். வருகிற இதழில் 20 என்று திருத்தம் போடுங்கள். போன வாரம் விடை போட்ட அதே இடத்தில், அதே எழுத்தளவில் போட்டால் நல்லது. நான் அவள் நோட்டில் பெருக்கல் குறியைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் டிக் போட்டு, தாத்தா தப்பு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, பேப்பரில் 19 என்றுதானே இருக்கிறது என்று கேட்டாள். என் கையெழுத்தைவிட உங்கள் அச்சுக்கு அவளிடம் மதிப்பு அதிகம், நான் என்ன செய்ய.

இனிமேல் விடை போடும்போது எப்படி எண்ணுவது என்று நாலு வரியும் சேர்த்துப் போடுங்கள். இடம் இல்லை என்பீர்கள். பக்கத்தில் வருகிற ராசிபலனில் ஒரு ராசியைச் சுருக்கினால் இடம் கிடைக்கும். பிள்ளைகள் அனுப்புகிற விடைகளில் தப்பானவற்றையும், அவர்கள் எண்ணிய வழியோடு இரண்டு மூன்று வெளியிட்டால் என்னைப் போல ஞாயிற்றுக்கிழமைச் சயாக்களுக்கு உதவியாக இருக்கும். பேர் போட வேண்டாம், வழி மட்டும் போதும்.

டோக்கன் வேலை முடிந்தது என்று நினைத்தேன், முடியவில்லை. பசை காய்ந்ததும் எல்லாவற்றையும் ஒரு துணியில் கொட்டி ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனேன். 99-ஐ எடுத்து 66-ஆம் கொக்கியில் மாட்டப் போனேன். வட்டத் துண்டு, நடுவில் ஓட்டை, எது தலை எது கால் என்று எப்படித் தெரியும்? இந்தப் பிளாஸ்டிக் எண்களில் 1 வெறும் கோடு, அதனால் 16-ஐத் திருப்பினால் 91 ஆகிவிடுகிறது. பௌர்ணமிக் கூட்டத்தில் யார் செருப்பு யார் காலுக்குப் போகுமோ! 69 மாதிரி எப்படித் திருப்பினாலும் தன்னிடமே வந்து நிற்கிற நல்ல பிள்ளைகளும் உண்டு. நூறு டோக்கனில் இப்படித் திருப்பினால் வேறு நம்பராகிவிடுகிறவை எத்தனை, அத்தனைக்கும் அடியில் சிவப்புக் கோடு போட வேண்டும். 60-ஐத் திருப்பினால் 09, முன்னால் சைபர் வந்தாலே தலைகீழ் என்று தெரிந்துவிடும், அதைச் சேர்க்கக் கூடாது என்று அந்தப் பெண்ணே விதி வகுத்துவிட்டாள். அடுத்த புதிராக இதைப் போடலாமா என்று பாருங்கள்.

நான் எண்ணினதில் 12 வருகிறது. அவள் 14 என்கிறாள். சிவப்புப் பேனாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, டோக்கன்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
முன்னாள் மூட்டைக் கணக்குப்பிள்ளை,
யாங்கோன்.